பம்பாய் நகரத்துக் குடிக்கூலி

வீட்டுக்கு வாடகை என்று இக்காலத்தார் வழங்குவதை நம் முன்னோர் குடிக்கூலி என்றனர். வண்டிக்கும் மாட்டுக்கும் வழங்கிய வாடகை என்னும் சொல் வீட்டின்மேலும் ஏறிக்கொள்ள, பழைய சொல் அகராதியின் ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. எனினும் அப்பழஞ்சொல்லுக்குள்ள பொருள்நயம் புதுச்சொல்லுக்கு இல்லை. உழைப்பவன் தன் உழைப்புக்குப் பெறுவது கூலி. அவனே ஓரிடத்திற் குடியிருப்பதற்குக் கொடுப்பதும் கூலி. இவ்விரு கூலிகளுள் எது முந்துகின்றது என்பதைப் பொறுத்தே, ஒரு மாநகரில் ஏழையும் நடுத்தரக் குடும்பத்தாரும் நிலைத்து வாழ்தல் கூடுமா கூடாதா என்பது அமையும். இதனை அறிதற்கு நம் நாட்டு நகரங்களுள் பம்பாயைப் போன்ற சான்று பிறிதில்லை. 1995இல் மும்பை எனப் பெயர்மாற்றம் பெற்ற அந்நகரைப் பழஞ்செய்தி கூறுமிடத்தெல்லாம் பம்பாய் என்றே யாம் குறிப்போம்.

அந்நகரமே முதலிற் குடிக்கூலிக்கு விடப்பட்ட பொருள் என்பது நம் அன்பர்களுட் பலர் அறியாத செய்தியாகும். ஏழு சிறு தீவுகளாய்க் கிடந்த பம்பாயைப் போர்ச்சுகல் அரசர், தம் குடும்பத்துக் கதரீனை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு மணம்பேசிய 1661ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் சீதனமாகக் கொடுத்தனர். சீதனம் பெற்ற மன்னருக்கோ அத்தீவுகளால் வருவாயினும் செலவே மிகுந்தது. ஆகவே 1668இல் அவர் அவற்றை ஆண்டுக்குப் பொன்னாக 10 பவுன் செலுத்தும்படி கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்புவித்தார். இங்கிலாந்து நாணயமாகிய பவுன் 10 என்பது இன்றைய மதிப்பில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அக்காலத்துப் பவுனின் வாங்கும் ஆற்றல் வேறு என்பது மெய்யே. ஆயினும், ஏழு தீவுகளுக்கு ஓராண்டு முழுமைக்கும் கொடுத்த அத்தொகையைக் கொண்டு இன்று அதே தீவில் ஒருவன் ஒரு திங்களுக்குக் கட்டில் போடும் இடம் பெறுதலும் அரிது.

கம்பெனியார்க்கு நிலம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சேற்றுநிலமும் காய்ச்சலும் மலிந்த தீவுக்கு யார் வருவர்? கவர்னராயிருந்த ஜெரால்டு ஆஞ்சியர் என்பார், வணிகரும் கைவினைஞரும் தத்தம் சமயத்தையும் தொழிலையும் தடையின்றி நடத்திக்கொள்ளலாமென்று உறுதிகூறி, வலிந்து அழைக்கலாயினர். பார்சிகளும் பனியாக்களும் ஆர்மீனியரும் அங்ஙனம் வந்தவர்களே. வாருங்கள் என்று குடிகளை அழைத்த அந்நகரம், வராதீர்கள் என்று விலையால் தடுக்கும் நகரமானது எங்ஙனம் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

1853இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு இருப்புப்பாதை ஓடிற்று. 1854இல் முதற் பஞ்சாலை தொடங்கப்பெற்றது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தமையால், இங்கிலாந்து ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வருவது நின்று, இந்தியப் பஞ்சுக்குப் பொன்விலை ஏறிற்று. பம்பாயிற் பணம் புரண்டது; கடலைத் தூர்த்து நிலமாக்கப் போவதாகச் சொன்ன கம்பெனிகளின் பங்குகளை மக்கள் போட்டியிட்டு வாங்கினர். 1864இல் எடுத்த கணக்கின்படி நகரத்து ஜனத்தொகை 8 இலட்சத்து 16 ஆயிரம். போர் முடிந்தது, பஞ்சு விலை வீழ்ந்தது, பெருஞ்செல்வர் பலர் ஓட்டாண்டிகளாயினர், 1872இல் ஜனத்தொகை 6 இலட்சத்து 44 ஆயிரமாகக் குறைந்தது. ஆயினும் ஆலைகள் மட்டும் பெருகிக்கொண்டே சென்று, அந்நூற்றாண்டின் இறுதியில் எண்பது அளவில் நின்றன. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்க்கு உறைவிடம் வேண்டியதாயிற்று.

அவர்க்கென எழுந்தவையே சால் எனப்படும் கட்டடங்கள். தமிழிற் சால் என்பது உழவுசாலைக் குறிக்கும். அக்கட்டடங்களின் தோற்றத்துக்கும் அப்பெயர் பொருந்துவதே. நீண்ட தாழ்வாரம் ஒன்று. அதன் ஓரமாக ஏர் ஓட்டியதுபோல் வரிசையாக ஒற்றை அறைகள். பத்தடிக்குப் பத்தடி அளவினவே பல. தளத்துக்கு ஒரு குழாய், கோடியில் பொதுக் கழிப்பிடம். அவ்வோரறையே அடுக்களை, அதுவே படுக்கை, மகப்பேற்றுக்கும் அதுவே. ஆலையில் இரவுமுறை செய்பவன் பகலிலும், பகல்முறை செய்பவன் இரவிலும் ஒரே பாயில் மாறிமாறி உறங்கியதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரத்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு ஒற்றை அறைகளில் வாழ்ந்தவர்களே. எலிவளையானாலும் தனிவளை வேண்டும் என்னும் நம் பழமொழியைக் கூறினவர் பம்பாய்ச் சாலைக் கண்டிலர் போலும்!

எலி என்றவுடன் அடுத்த செய்தி தானே வருகின்றது. 1896 செப்டம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்டவி என்னும் பகுதியில் மக்கள் காய்ச்சலும் நெறிக்கட்டும் கண்டு மாளலாயினர். அக்காசியோ வீகாஸ் என்னும் கோவா நாட்டு வைத்தியர் அது பிளேக் நோயென்று முதலில் உணர்ந்து கூறினார். அடுத்த சில திங்களுக்குள் நகரத்தாருள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடினர். சர்க்கார் அதிகாரிகள் வீடுவீடாய்ப் புகுந்து சோதித்து, மனிதர் வாழத் தகாதது என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துக்களைப் பல வீடுகளின்மேல் எழுதிச் சென்றனர். வாழத் தகாததென்று எழுதப்பட்ட அவ்வீடுகளுக்கும் முந்தைய திங்கள்வரை குடிக்கூலி தவறாது வாங்கப்பட்டே வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நோய்க்குக் காரணம் நெருக்கமென்று கண்ட அரசாங்கம், 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட்டு என்றோர் அமைப்பை ஏற்படுத்திற்று. அவ்வமைப்பு நெருங்கிய தெருக்களை இடித்து அகன்ற வீதிகளைத் திறந்தது. நகரின் வடபால் தாதர், மாட்டுங்கா ஆகிய இடங்களில் வயலும் சதுப்புமாய்க் கிடந்த நிலத்தைச் செம்மைப்படுத்தி மனைகளாக்கிற்று. அதன் தலைவராயிருந்த ஆர் என்னும் துரை, வீட்டுக்கு வெயிலும் காற்றும் எவ்வளவு வேண்டுமென்று கணக்கிட்டு, அறுபத்து மூன்றரைப் பாகைக் கோணம் என்றொரு விதியை வற்புறுத்தி வந்தார். எதிரே விட்ட வெளியின் அகலத்துக்கு இருமடங்குக்குமேற் சுவர் உயர்தல் கூடாது என்பது அதன் சாரம். விதி நல்லதே. ஆனால் இடித்தல் விரைவாகவும் கட்டுதல் மெல்லவும் நடந்தன. இடிபட்ட வீட்டிலிருந்தவன் புதுமனைக்கு விலைகொடுக்க வல்லவன் அல்லன். அவன் அடுத்த தெருவிலுள்ள சாலில் முன்பு நால்வர் இருந்த அறையில் ஐந்தாமவனாய்ப் புகுந்தான். ஒரு தெருவின் நெருக்கத்தைப் போக்கி மற்றொரு தெருவின் குடிக்கூலியை உயர்த்திய பெருமை அந்த டிரஸ்ட்டைச் சாரும் என்று அக்காலத்தாரே குறைகூறினர்.

மாட்டுங்கா என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் முகம் மலர்வதுண்டு. தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சென்று எழுத்தர்களாகவும் தட்டெழுத்தாளர்களாகவும் அமர்ந்தவர்கள் அப்புதுப்பகுதியிற் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. சமையலறை, குளியலறை, கழிப்பிடம் மூன்றும் ஒரே கதவுக்குள் அடங்கிய அடுக்குமாடி வீடு என்பது நடுத்தர மக்களுக்கு அங்கேதான் பழக்கமாயிற்று. கழிப்பிடம் வீட்டுக்கு எட்டக் கொல்லையில் இருத்தல் வேண்டுமென்னும் ஆசாரத்தில் வளர்ந்தவர்கள், அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் அதனை ஏற்றுக்கொண்டதும் குடிக்கூலி செய்த சீர்திருத்தமே. மாட்டுங்காவுக்கு மேற்கே தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல்பதனிடும் தொழிலுக்காகவும் பிறகூலி வேலைகளுக்காகவும் சென்ற தமிழர் சதுப்பைத் தூர்த்துத் தாமே குடிசை எடுத்தனர். இருப்புப்பாதையின் இருபுறத்தும் இருவகைத் தமிழர். ஒருவர்க்குக் குடிக்கூலிச் சீட்டு இருந்தது. மற்றவர்க்கு அதுவும் இல்லை.

இனி நம் சங்கத்தார் ஊன்றி நோக்கவேண்டிய செய்தியொன்று கூறுவாம். கன்னடக் கடற்கரையிலிருந்து பம்பாய்க்குச் சென்ற சித்ராபூர் சாரஸ்வதர் என்னும் சிறு சமூகத்தார் உளர். அவருள் ஸ்ரீபாத சுப்பராவ் தால்மகி என்னும் பெரியார், தாம் குருவாகப் போற்றிய சாமராவ் விட்டல் என்பாரின் பெயரால் 1906இல் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை நிறுவினர். ஆசிரியத் தொழிலில் தலைநரைத்து வரும் எமக்கு அச்செய்தி தனியானதோர் இன்பம் தருவதை மறைப்பானேன்! 1912இல் புதிய கூட்டுறவுச் சட்டம் வந்து, கடன் கொடுத்தலொழிந்த பிற காரியங்களுக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. 1915இல் அவரும் அவர் சமூகத்தாரும் காம்தேவி என்னுமிடத்தில் வீட்டுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தனர். கூட்டுறவு முறையிற் குடியிருப்பு அமைப்பதற்குப் பம்பாயில் அதுவே முதல் வழிகாட்டி.

அம்முறையின் நுட்பம் எளிது. உறுப்பினர் ஒவ்வொருவரும் பங்கு வாங்கி ஒரு தொகை செலுத்துவர். எஞ்சியதைச் சங்கம் கடனாகப் பெறும். கட்டடம் சங்கத்துக்கே உரியது, தனி ஒருவர்க்கும் உரியதன்று. உறுப்பினர் மாதந்தோறும் சங்கத்துக்குக் குடிக்கூலி செலுத்துவர். அக்கூலி கடன்வட்டி, கடனைத் தீர்க்கும் சேமிப்பு, நகர வரி, பழுதுபார்க்கும் செலவு என்பவற்றைக் கூட்டிக் கண்ட தொகையே. அதற்குமேல் ஒருவர் இலாபம் வைப்பதற்கும் இடமில்லை, கீழே இறக்கி ஒருவர்க்குச் சலுகை காட்டுவதற்கும் இடமில்லை. குடியிருப்பவர் ஒருவகையில் தமக்குத் தாமே கூலி கொடுத்துக்கொள்கின்றனர். கைம்மாறு கருதாத வள்ளல் ஒருவரை எதிர்பாராமல், திங்கட் சம்பளக்காரர்களே கூடித் தமக்கு வீடு செய்துகொண்டது இதில் நாம் மதிக்கத்தக்கது.

பார்சிகளின் வழி வேறு. அவர்க்குச் செல்வரின் அறநிலையங்கள் துணையாயின. வாடியா குடும்பத்து அம்மையார் ஜெர்பாயி என்பார் பிளேக்கின் கொடுமையைக் கண்டு தம் சமூகத்தார்க்குக் குறைந்த கூலியில் மனைகள் அமைக்க முற்பட்டனர். பாக் என்னும் அத்தோட்டக் குடியிருப்புகளுள் கொலாபாவிலுள்ள குஸ்ரோ பாக் 1934ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நடுவே வெளியும் மரமும், சுற்றிலும் மாடிகளுமாக அவை இன்றும் கண்ணுக்கினியன. அவற்றிற் புகுவதற்குக் காத்திருப்போர் வரிசையும் நீண்டது.

முதல் உலகப்போர்க் காலத்தில் கட்டடப் பொருள்கள் அரிதாகி, குடிக்கூலி எங்கும் ஏறிற்று. 1915இல் ஸ்காத்துலாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பெண்டிர், ஏற்றிய கூலியைக் கொடோம் என்று மறுத்தெழுந்தமையால், இங்கிலாந்துப் பாராளுமன்றம் கூலியைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றிற்று. அதனைப் பின்பற்றிப் பம்பாயில் 1918இற் சட்டம் வந்தது. 1916 ஜனவரி முதல் நாளிலிருந்த கூலியே அளவு எனக் கொள்ளப்பட்டது. அஃது ஏறக்குறையப் பத்தாண்டுகளில் காலாவதியாயிற்று. அதற்கிடையே 1920இல் கவர்னர் லாயிடு துரை அபிவிருத்தி இலாகா ஒன்றை வகுத்து, பஞ்சுப் பொதி ஒன்றுக்கு ஒரு ரூபாய் தீர்வை விதித்து, அப்பணத்தைக்கொண்டு தொழிலாளர்க்கு ஒற்றையறை வீடுகள் கட்டத் தலைப்பட்டார். ஐம்பதினாயிரம் அறைகள் என்பது எண்ணம். முடிவில் ஒர்லி, நாய்காம், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய நான்கிடங்களில் 207 கட்டடங்கள் எழுந்தன. கட்டடத்துக்கு 80 அறைகள். ஆலைகளுக்கு எட்டத்தில் இருந்தமையாலும், காங்கிரீட்டுச் சுவரின் வெக்கையாலும், கூலி கட்டுபடியாகாமையாலும் பல அறைகள் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தன. ஒர்லியிலிருந்தவற்றுட் சில சட்டமறுப்புக் காலத்திற் சிறைச்சாலையாயின! எனினும் வீடு வீடே. பின்னர் நூறாண்டுகள் அவை தலைமுறை தலைமுறையாக எத்துணையோ குடும்பங்களைத் தாங்கின. இப்போது அவை இடிக்கப்பட்டு உயர்மாடிகளாகின்றன; ஒர்லியில் முதற்பகுதி வீடுகள் 2025இல் பழைய குடிகளுக்கு வழங்கப்பட்டன.

இரண்டாம் உலகப்போரும் அதன்பின் நாட்டுப் பிரிவினையும் பம்பாயை நிரப்பிவிட்டன. இன்றைய பெருநகர எல்லைக்குள் 1941இல் 18 இலட்சமாயிருந்த ஜனத்தொகை 1951இல் 30 இலட்சத்தை எட்டிற்று. இந்நெருக்கடியில் 1947ஆம் ஆண்டுக் குடிக்கூலிச் சட்டம் இயற்றப்பட்டு, 1948 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1940 செப்டம்பர் முதல் நாளில் எவ்வீட்டுக்கு எக்கூலியோ அதுவே அவ்வீட்டுக்கு உரிய கூலி. குடியிருப்பவனைக் காரணமின்றி எழுப்புதல் கூடாது. அவன் இறந்தால் உடன்வாழ்ந்த குடும்பத்தார்க்கு அவ்வுரிமை செல்லும். அன்று அச்சட்டம் செய்யத்தக்கதே என்பது எம் கருத்து. அகதிகளாய் வந்தவரும் ஆலைத் தொழிலாளரும் தெருவில் நிற்கும்போது, வீட்டுக்காரர் மனம்போல ஏலங்கூற விடுவது அரசின் முறைமையன்று. குற்றம் சட்டம் செய்தமையில் இல்லை. சில ஆண்டுகளுக்கென்று செய்ததைப் புதுப்பித்துப் புதுப்பித்து அரைநூற்றாண்டு நீட்டினமையிலேயே உள்ளது.

அதன் விளைவை ஒரு கணக்கினால் விளக்குவோம். 1940இல் ஒரு வீட்டுக்குக் கூலி 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியேற்றம் முதலிய சிறு கூட்டல்களை நீக்கிப் பார்த்தால் 1998லும் அது 20 ரூபாயே. இடையில் அரிசி விலை, கொத்தன் கூலி, சுண்ணாம்பு விலை எல்லாம் எத்தனை மடங்காயின என்பதை இல்லத்தரசியர் அறிவர். 20 ரூபாய் பெறுபவன் கூரையில் ஓட்டை விழுந்தால் அடைப்பானா? அடைக்கமாட்டான், வீடு விழுந்தால் மனையாவது மீளுமே என்று காத்திருப்பான். குடியிருப்பவனோ, எழுந்து போனால் இவ்வகைக் கூலியில் மற்றோரிடம் கிடையாது என்பதறிந்து, மகன் வேறிடத்து உத்தியோகம் பெற்றாலும் அறையைப் பூட்டிவைத்தேனும் விடாதிருப்பான். புதிதாக நகரத்துக்கு வருபவனுக்கு அவ்வறையின் மலிந்த கூலியாற் பயன் என்ன? உள்ளிருந்தவர்க்குக் காவலாய் நின்ற சட்டம் வெளியிலிருந்து வருபவர்க்கு மதிலாய் நின்றது.

மதில் உண்டாயின் அதனைக் கடத்தற்கு ஒரு திட்டிவாயிலும் உண்டாகுமன்றோ? அதுவே பகடி முறை. மராத்தியிற் பகடி என்பது தலைப்பாகை. தமிழிற் பகடி என்பது ஏளனம். இரண்டும் இங்கே பொருந்தும். வெளியேறும் குடிக்கு உள்ளே வரும் குடி ஒரு பெருந்தொகை கொடுப்பான். அதில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்குச் செல்லும். மாதக்கூலி மட்டும் பழைய சில்லறையே. 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். ஆனால் குற்றமென்று அறிந்தே நகரம் முழுவதும் இதனைச் செய்தது. சீட்டில் எழுதிய கூலி ஏறவில்லை. எழுதாத கூலி வானளாவ ஏறிற்று. முடிவில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழக்கத்தை ஒப்புக்கொண்டு, குற்றமென்னும் பெயரை நீக்கிவிட்டது.

கட்டடங்கள் என்னாயின? பழுது பாராமையால் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் இடிந்து விழலாயின. 1969இல் அரசாங்கம் ஒரு தீர்வை விதித்து, அப்பணத்தால் பழுதுபார்க்க ஒரு வாரியத்தை நிறுவிற்று. தீர்வைக்குட்பட்ட பழங்கட்டடங்கள் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டன. 1986இல் மற்றொரு திருத்தம் வந்தது: குடியிருப்போருள் நூற்றுக்கு எழுபதின்மர் கூடி வேண்டினால், அரசு அக்கட்டடத்தை எடுத்து அவர்தம் சங்கத்துக்கே கொடுக்கலாம், வீட்டுக்காரருக்கு ஈடு மாதக்கூலியைப் போல் நூறு மடங்கு. அக்கூலி 1940ஆம் ஆண்டுக் கூலி என்பதை நினைவிற்கொண்டால் அந்த நூறு மடங்கின் பெருமை விளங்கும். வீட்டுக்காரர் சங்கம் 1992இல் உச்சநீதிமன்றம் சென்றது. அவ்வழக்கிலெழுந்த அரசியற்சாசன வினாவுக்கு, தனியார் சொத்து ஒவ்வொன்றும் சமுதாயத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய மன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு விடுத்தது 2024 நவம்பரில்! வழக்கிற்கும் விடைக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். அதற்கிடையில், 2017 ஆகஸ்டு 31ஆம் நாள், பெண்டி பஜாரை அடுத்த நெருக்கமான தெருவொன்றிற் பழங்கட்டடம் விழுந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீட்டுக்காரர் கெட்டவர், குடியிருப்போர் நல்லவர் என்றோ, அன்றி மாறியோ கூறி இதனை முடித்துவிடல் எளிது. கூலி எதற்கென்று கொடுக்கப்படுகின்றதோ அந்தப் பழுதுபார்க்கும் வேலைக்கே போதாமற்போனபோது இருவரும் ஒரே கூரையின்கீழ்க் கெட்டனர் என்பதே உண்மை.

கூலிக்குவிடக் கட்டுதல் இலாபமின்றிப்போகவே, கட்டடம் செய்வோர் விற்பதற்கென்றே கட்டலாயினர். உரிமை வீடு எனப்படும் அவ்வகையை ஒழுங்குபடுத்த 1963இற் சட்டம் வந்தது. வாங்கியவர் தாம் குடிபோகாதபோது உரிமச்சீட்டு எழுதிப் பிறரை வைத்தனர். 1973 பிப்ரவரி முதல் நாளில் அவ்வாறு உரிமத்தில் இருந்தவரெல்லாம் காப்புப்பெற்ற குடிகளாவர் என்று சட்டம் திருத்தப்பட்டவுடன், வீட்டுக்காரர் நடுங்கிவிட்டனர். பதினொரு திங்கட்குமேற் சீட்டு எழுதாத வழக்கம் வேரூன்றிற்று. பூட்டிவைப்பதே நலமென்று கருதினார் பலர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது, நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் சேரிகளில் வாழ்ந்த அந்நகரில், 4 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஆளின்றிக் கிடந்தன.

1997 டிசம்பரில் உச்சநீதிமன்றம், 1940ஆம் ஆண்டுக் கூலியிலேயே நிறுத்திவைத்தல் இனி நியாயமன்று எனக் கூறிற்று. அதன்பின் எழுந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2000 மார்ச்சு 31 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய குடிகளின் கூலியை ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் உயர்த்த இடந்தந்தது. நம் 20 ரூபாய்க் கணக்கையே தொடர்ந்தால், இருபத்தைந்தாண்டு கூடியும் 53 ரூபாய்தான். மாட்டுங்காவில் ஒருவர் வயிறார உண்பதற்கும் அது போதாது. அதே தெருவில் புதிதாகப் பதினொரு திங்கட் சீட்டு எழுதி வருபவனோ சந்தை விலையைக் கொடுக்கின்றான். பல மாதக் கூலியை முன்பணமாக வைக்கின்றான். தரகருக்கு ஒரு மாதக் கூலி அழுகின்றான். ஆண்டு முடிந்தால் மீண்டும் மூட்டை கட்டுகின்றான்.

பணம் உண்டாயினும் கதவு திறப்பதில்லை. ஊன் உண்பவர்க்கு இல்லை, மணமாகாதவர்க்கு இல்லை, இன்ன மதத்தார்க்கு இல்லை என்னும் சொற்களை வீடு தேடும் பிள்ளைகள் கேட்டுத் திரும்புகின்றனர். ஆமதாபாத்துப் பார்சி வீட்டுச் சங்கம் ஒன்றைப்பற்றிய வழக்கில், தம் சமூகத்தார்க்கே உறுப்பினர் உரிமையென்று விதி செய்துகொள்ளுதல் சட்டத்துக்கு மாறன்று என 2005இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. சட்டத்துக்கு மாறன்றேல் அறத்துக்கும் மாறன்று என்று நாம் துணிதல் இயலுமா? சாரஸ்வதர் கட்டிய மாடி அவர்க்கு நிழலாயிற்று. சங்கம் அமைக்க ஆளும் பொருளும் அற்றவர்க்கு அந்நகரம் தாராவியைக் காட்டிற்று. சமூகச் சங்கத்தின் இதழில் இதனை எழுதுகின்றோம் என்பதை யாம் மறந்திலேம். மறவாமையாலேயே எழுதுகின்றோம்.

பம்பாய்க்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அங்கொரு தங்குமனை வேண்டுமென்று நம் சங்கத்துக்கு விண்ணப்பங்கள் வந்துள்ளன. யாம் அதனை மனமார வரவேற்கின்றோம். ஆயின் செயற்குழுவார் விதிகள் வகுக்கும்போது மூன்றினை எண்ணிப் பார்க்கவேண்டுகின்றோம். கூலி எத்துணைக் குறைவாயினும் பழுதுபார்க்கும் செலவுக்கென ஒரு பங்கு அதில் இருத்தல் வேண்டும். அறம் என்று கருதி அதனை விட்டுவிட்டால் நம் பேரன்மார் இடிந்த சுவரையே காண்பர். அடுத்து, வேலை நிலைத்து இடம்பெயரும் பிள்ளை அறையைத் தன் தம்பிக்கோ மைத்துனனுக்கோ கைமாற்றாமற் சங்கத்திடமே திருப்புதல் வேண்டும். இன்றேல் நம் மனையிலும் பகடி தலைகாட்டும். அறைகளுள் ஒரு பகுதியையேனும் நம் சமூகத்தாரல்லாத ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது பற்றி இளைஞர் சிலர் கூறிய யோசனைக்குப் பெரியோர் சிலர் உடன்படவில்லை என்று அறிகின்றோம். எம் கருத்து இளைஞர் பக்கமே சார்கின்றது.

பம்பாயிலும் அதன் புறநகர்களிலும் வாழும் நம் அன்பர்கள், தாம் இருக்கும் பகுதி, வீட்டின் அளவு, கொடுக்கும் குடிக்கூலி, வைத்துள்ள முன்பணம், தரகு, சீட்டின் காலம் ஆகிய விவரங்களைச் சங்க அலுவலகத்துக்கு எழுதியனுப்பக் கோருகின்றோம். வந்தவற்றை அட்டவணைப்படுத்திச் செயற்குழுவார்முன் வைப்போம். அனுப்பியவர் பெயரை வெளியிடோம்.